புண்ணியத்தைக் கீழத்தெருவிடம் மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் பங்குத்தந்தைக்கும், பங்குப் பேரவையினருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும்,

ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவுக்காக நீங்கள் கூடி எழுதிய தீர்மானத்தைப் படித்தேன். சப்பரம் முன்னோர் வழக்கப்படி மாமூல் பாதையிலேயே போகும். திருவிழா வரி வழக்கமான தலைக்கட்டுகளிடம் மட்டும் வாங்கப்படும். அவ்வளவுதான். கீழத்தெரு என்ற பெயரே அதில் வரவில்லை. எங்கள் தெருவில் எல்லாக் குடும்பங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. "அதைப் பிறகு பார்க்கலாம்" என்று கூட்டத்தில் பேசி முடித்துவிட்டதாகக் கேள்வி. என் அப்பா மனு கொடுத்தபோதும் இதே பதில்தான் வந்தது. அவர் அந்தப் பதிலோடு போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கப் போவதில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு மேற்கே, கண்மாயும் தென்னந்தோப்புமாக இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. நடுவில் மாதா கோயில். மேலத்தெருவிலும் கடைத்தெருவிலும் இருப்பவர்கள் ஒரு சாதி. கண்மாய்க்கரையை ஒட்டிய கீழத்தெருவில் இருக்கும் நாங்கள் தலித்துகள். இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்கள்தான். ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள். திருவிழா இரவில் சப்பரம் கோயிலிலிருந்து கிளம்பி, மேலத்தெரு, கடைத்தெரு, பள்ளிக்கூடம் என்று சுற்றிக்கொண்டு எங்கள் தெரு தொடங்கும் புளியமரத்து முக்கு வரை வரும். அங்கே திரும்பிவிடும். நாங்கள் மெழுகுவர்த்தியும் உப்பு மிளகுப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு அந்த முக்கில் போய் நின்று மாதாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். நடக்க முடியாத கிழவிகளுக்கு அதுவும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சிலுவை போட்டுக்கொள்வார்கள். என் அப்பத்தா கடைசி வருஷங்களில் மாதா திருவிழாவை அப்படித்தான் கொண்டாடினார்.

ஒரு காலத்தில் எங்கள் தெரு அகலம் போதாது, சப்பரம் நுழையாது என்றீர்கள். அப்புறம் சிமெண்ட் ரோடு போட்டார்கள். இப்போது கரும்பு லாரி வந்து திரும்பிப் போகிறது. அந்தக் காரணத்தை இப்போது யாரும் சொல்வதில்லை. வழக்கம் என்பது மட்டும் மிச்சம் இருக்கிறது.

வரியைப் பற்றிச் சிலருக்குப் புரியாது. "வரி வாங்காவிட்டால் உங்களுக்குக் காசு மிச்சம்தானே" என்று பேரவை உறுப்பினர் ஒருவரே என் தம்பியிடம் கேட்டிருக்கிறார். ஊரில் வரி கொடுப்பவன்தான் பங்காளி. வரி கொடுத்தவன் கணக்குக் கேட்பான், நவநாளில் ஒருநாள் உபயம் எடுப்பான், சப்பரத்துக்குத் தோள் கொடுப்பான், கொடியேற்றத்தன்று மரியாதை வாங்குவான். எங்களிடம் வரி வாங்காமல் இருப்பதற்குக் காரணம் இரக்கம் இல்லை. வாங்கிவிட்டால் இத்தனையும் தர வேண்டியிருக்கும். ஆனால் கோயிலின் ஆண்டுச் சந்தா மட்டும் எங்களுக்கும் உண்டு. அதில் பாக்கி வைத்தால் எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு ஓலை, அதாவது கோயிலில் சொல்லும் கல்யாண அறிவிப்பு, வாசிக்க மாட்டார்கள். கடமை என்று வரும்போது நாங்கள் இந்தப் பங்கின் மக்கள். உரிமை என்று வரும்போது நாங்கள் கீழத்தெரு.

என் அப்பா இந்தக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். இன்று பேரவையில் உட்கார்ந்திருக்கும் உங்களில் பலருக்குப் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, மந்திரம் சொல்லிக்கொடுத்தவர். பரலோக மந்திரமும் விசுவாச மந்திரமும் பத்துக் கட்டளையும் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் திருப்பிச் சொல்லிப் படித்தீர்கள். குருவானவர், எங்கள் பேச்சில் சாமி, வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் நடத்தினார். மேலத்தெருவில் யாராவது சாகக் கிடந்தால் நடுராத்திரியில் ஆள் வரும். போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று நன்மரணச் செபம் சொல்லுவார். மூச்சு அடங்கும் வரை கூடவே இருந்து, கண்ணை மூடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கோயிலுக்குள் அவர் "உபதேசியார்". கோயில் வாசலைத் தாண்டினால் அவரிடம் மந்திரம் படித்த பையன்களே அவரைப் பேர் சொல்லி, "வா, போ" என்று கூப்பிட்டார்கள். அவர் அதற்காக யாரிடமும் முகம் சுளித்ததை நான் பார்த்ததில்லை. பேரவையில் அவருக்கு ஒருநாளும் இடம் கிடைக்கவில்லை.

அவர் இறந்தது ஐப்பசி மழையில். பங்குக்கென்று ஒரு தூம்பா வண்டி, சவப்பெட்டியைக் கொண்டுபோகும் வண்டி, இருக்கிறது. கோயில் காசில் செய்தது, எங்கள் சந்தாவும் அதில் உண்டு. அதைக் கேட்டுப் போன என் தம்பியிடம், கீழத்தெருவுக்குக் கொடுக்கும் வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். கோயிலை ஒட்டி மதில் கட்டிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தார் ரோட்டின் மேலேயே. அங்கேயும் எங்களுக்கு வழக்கமில்லை. கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லறைக்குப் போகிற வண்டிப்பாதை அன்று முழங்கால் ஆழத்துக்குச் சகதி. தூக்கிப் போன பிள்ளைகளுக்குக் கால் வழுக்கியது. குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்து ஊற்றிவிட்டு அந்தச் சேற்றுக்குள்தான் அப்பாவை இறக்கினோம். அப்போது இருந்த சாமி கரை வரைக்கும் வந்தார், அங்கேயே நின்று செபத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஊரில் எத்தனையோ பேருக்குக் கடைசி மூச்சு வரை துணை இருந்தவருக்குக் குழி வரைக்கும் துணைக்கு வர இந்தப் பங்கில் ஒரு குரு இல்லை.

1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு எங்கள் தெருப் பிள்ளைகளின் கைபேசியிலேயே இருக்கிறது. அதன் 1180-ஆம் சட்டத்தைப் பாருங்கள். பங்குக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் இருந்தால், இறந்த விசுவாசிகளை அங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும், அவர்களோ அவர்களுக்கு உரியவர்களோ வேறு இடத்தை முறையாகத் தேர்ந்தெடுத்திருந்தால் தவிர. நாங்கள் கண்மாய்க்கரையைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எப்போது மனு கொடுத்தாலும் எங்களுக்குப் பதிலாக வருவது புண்ணியங்களைப் பற்றிய போதனை. பொறுமையாக இருங்கள், இயேசு சிலுவையில் பொறுத்தார். தாழ்ச்சியோடு இருங்கள், மாதா தாழ்ச்சியுள்ளவர். மன்னித்துவிடுங்கள். திருச்சபைக்குக் கீழ்ப்படியுங்கள். இதையெல்லாம் நான் குறைத்துப் பேசமாட்டேன். நான் மதுரையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பொறுமை இல்லாமல் ஒரு ராத்திரி ட்யூட்டியை ஓட்ட முடியாது. தாழ்ச்சி இல்லாமல் இன்னொருவர் உடம்பைத் துடைத்துவிட முடியாது. என் அப்பாவிடம் இந்த நான்கும் இருந்தன, அவரைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். நான் கேட்பது வேறு. இந்தப் புண்ணியங்களை ஏன் தெருவில் ஒரு பக்கத்திடம் மட்டும் கேட்கிறீர்கள்? சப்பரத்தைக் கீழத்தெருவுக்கு விடுவதற்குக் கொஞ்சம் தாழ்ச்சி வேண்டும் என்று மேலத்தெருவில் எந்த ஞாயிறாவது பிரசங்கம் நடந்திருக்கிறதா? திருச்சபைச் சட்டத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று கல்லறை மதிலைக் காட்டி யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அப்பா சொல்லிக்கொடுத்த ஞானோபதேசத்தில் தலையான புண்ணியங்கள் நான்கு. முன்மதி, நீதி, துணிவு, அளவடக்கம். நீதி என்றால் அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பது என்று விளக்குவார். பொறுமை நல்லதுதான், ஆனால் நீதி வர வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், அநியாயம் செய்கிறவருக்கு அது வசதியாகிவிடுகிறது. மன்னிப்பும் அப்படித்தான். தப்பு நடந்து முடிந்திருந்தால் மன்னிக்கலாம். வருஷா வருஷம் தீர்மானம் போட்டு நடத்தும் தப்பை முதலில் நிறுத்த வேண்டும்.

தந்தையே, உங்களை வந்து பார்த்தபோது நீங்கள் முன்மதி என்ற புண்ணியத்தைச் சொன்னீர்கள். அவசரப்பட்டால் ஊர் இரண்டாகிவிடும், நான் நாளைக்கே மாற்றலாகிப் போய்விடுவேன், நீங்கள்தான் இவர்களோடு வாழ வேண்டும் என்றீர்கள். அக்கறையோடுதான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முன்மதி என்பது நல்ல காரியத்தைச் செய்து முடிக்கச் சரியான வழி எது என்று தேடுவது. செய்யாமலே இருக்கக் காரணம் தேடுவதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது. ஊர் இரண்டாகிவிடும் என்கிறீர்கள். தூம்பா வண்டி இரண்டு பேருக்கு இரண்டு விதம், கல்லறை இரண்டு, வரிக் கணக்கு ஒருபக்கம் மட்டும், அன்பியங்கள்கூடத் தெருவாரியாகப் பிரித்ததில் சாதிவாரியாகிவிட்டன. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வேதம் வாசிக்கத்தானே அன்பியம்? இன்னும் எதைப் பிரிக்க மிச்சம் இருக்கிறது?

முன்னோர் வழக்கம் என்பதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மதுரைக்காரியாகப் பிறந்து இந்த வரலாறு தெரியாமல் இருக்கலாகாது. இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606-ல். கிறிஸ்தவத்தைப் பறங்கி மார்க்கம் என்று உயர்சாதியார் ஒதுக்கியதால், அவர் காவி கட்டி, மரக்கறி உணவு உண்டு, தத்துவ போதகர் என்ற பெயரோடு, ஏற்கனவே இங்கே இருந்த பரதவக் கிறிஸ்தவர்களின் கோயிலை விட்டு விலகி வாழ்ந்தார். சேர்ந்தவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-ல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அனுமதி கொடுத்தார். பிறகு எல்லாச் சாதியாரிடமும் போகக்கூடிய பண்டாரசாமிகள் என்ற குருக்கள் வந்தார்கள். அப்படியும் தலித் குடிசைக்குள் நுழைந்து சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குருக்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் கூடாது என்று 1704-ல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் ஆணை போட்டார். அந்தத் தகராறு நாற்பது வருஷம் இழுத்து, கடைசியில் 1744-ல் 14-ஆம் பெனடிக்ட் காலத்தில், தலித்துகளுக்கென்று தனியாகக் குருக்களை வைப்பது என்ற ஏற்பாட்டில் வந்து நின்றது. அப்பாவின் குழிக்கு வராமல் கரையில் நின்றுவிட்ட சாமியை நினைக்கும்போது எனக்கு இந்த வரலாறுதான் ஞாபகம் வருகிறது. அவருக்கு முன்னால் முந்நூறு வருஷமாக அந்தக் கரையில் குருக்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வழக்கத்தின் வேர் இதுதான். அப்போஸ்தலர்கள் கொடுத்ததல்ல, வேதத்தில் இருப்பதல்ல. ஆள் சேர்க்க வேண்டும் என்பதற்காக ஒரு காலத்தில் செய்துகொண்ட சமரசம். இதை மரபு என்று திருச்சபையே ஏற்கவில்லை. கடவுளின் சட்டத்துக்கு எதிரான எந்த வழக்கமும் சட்டத்தின் வலிமையைப் பெறாது என்று 24-ஆம் சட்டம் சொல்கிறது. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சென்னை, மதுரை, புதுவை மறைமாநிலங்களின் ஆயர்களை நேரில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார். கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தால்கூட அது உண்மையான ஆன்மிகத்துக்கு ஆபத்து என்றார். சாதிப் பிரிவினையை வளர்க்கும் வழக்கங்களையும் மரபுகளையும் சீர்திருத்த வேண்டும் என்றும் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்றது. இத்தனைக்கும் அப்புறம் நம் ஊர்த் தீர்மானம் "முன்னோர் வழக்கப்படி" என்று தொடங்குகிறது.

வழக்கம் மாறவே மாறாது என்பதும் உண்மையில்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய கோயிலின் நடுத்தடுப்பை 1910-ல் இடித்தார்கள். எதிர்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். நம் கோயிலிலேயே நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழத்தெருப் பெண்கள் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில்தான் உட்காருவோம். ஒரு சாமி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் தாழ்வாரத்துக்கு வந்து, எல்லோரும் எழுந்து நடுவில் வந்து உட்காருங்கள், அதுவரை பூசை தொடங்காது என்று சொல்லிவிட்டுப் பீடத்தில் போய் நின்றார். நாங்கள் போய் உட்கார்ந்தோம். சிலர் எழுந்து வெளியே போனார்கள். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். இன்று அந்தத் தாழ்வாரத்தில் சைக்கிள் நிறுத்துகிறோம். யாரும் முன்னோர் வழக்கம் போய்விட்டதே என்று அழவில்லை.

அதிகாரம் என்றால் என்ன என்பதை அந்த ஒரு காலைப் பொழுதில்தான் நான் பார்த்தேன். "எனக்கு எந்த அதிகாரமும் இல்லை, ஊர் முடிவு" என்று இப்போது சொல்கிறீர்கள், தந்தையே. ஓலை வாசிக்காமல் இருக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஞானப்பெற்றோராக வருபவர் பூசைக்கு ஒழுங்காக வருகிறவரா என்று விசாரிக்க அதிகாரம் இருக்கிறது. பீடத்துக்கு வரும் பெண்பிள்ளை என்ன உடுத்த வேண்டும் என்று சொல்ல அதிகாரம் இருக்கிறது. அதே அதிகாரம் மேலத்தெருப் பக்கம் திரும்பும்போது மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? சப்பரம் ஊருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதைச் செபம் சொல்லி மந்திரித்துக் கிளப்புவது உங்கள் கை. நீங்கள் மந்திரிக்காமல் அது ஒரு அடி நகராது.

பெரியவர்களை எதிர்த்து எழுதுவது கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகா என்று கேட்பீர்கள். அந்தியோக்கியாவில் நடந்ததைப் படியுங்கள். யூதரல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இராயப்பர் (பேதுரு), எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துபோய் விலகிக்கொண்டார். சின்னப்பர் (பவுல்) எல்லோருக்கும் முன்னால் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். முதல் திருத்தந்தையையே கண்டித்தார், அதுவும் பந்தியில் யாரோடு உட்காருவது என்ற விஷயத்துக்காக. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அது இருக்கிறது. திருச்சபையின் நன்மைக்குத் தேவையானதை ஆயர்களிடமும் குருக்களிடமும் மற்ற விசுவாசிகளிடமும் மரியாதையோடு எடுத்துச் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில நேரம் கடமை என்று 212-ஆம் சட்டம் சொல்கிறது. நான் அந்தக் கடமையைத்தான் செய்கிறேன்.

ஆகஸ்ட் 10-ஐ நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. 1950-ல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களையும் பஞ்சாபில் சில சீக்கியச் சாதிகளையும் தவிர வேறு யாரையும் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. மற்ற சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்துக்கொண்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். சலுகை மட்டுமா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரை செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 அன்று திருச்சபை கறுப்பு தினம் கடைப்பிடிக்கிறது. நம் கோயில் வாசலிலும் கறுப்புக் கொடி பறக்கும். மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறுவதில்லை, எங்கள் மக்கள் கோயிலுக்குள்ளும் அதை அனுபவிக்கிறார்கள் என்று டெல்லிக்குச் சொல்கிறோம். ஐந்தாவது நாள் ராத்திரி மாதா சப்பரம் புளியமரத்து முக்கில் திரும்புகிறது. டெல்லியிடம் நாம் கேட்கும் நீதி நியாயமானது, அதற்காக நானும் மதுரையில் ஊர்வலம் போயிருக்கிறேன். ஆனால் நம் தீர்மானத்தை யாராவது எடுத்துக்கொண்டுபோய் அங்கே காட்டினால், நாம் என்ன பதில் சொல்வோம்?

அந்த ஆகஸ்ட் 15 பூசையில் என்ன சுவிசேஷம் வாசிக்கிறோம்? லூக்கா முதல் அதிகாரம், மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனது. வலியோரை அரியணையிலிருந்து இறக்கினார், தாழ்ந்தோரை உயர்த்தினார் என்று மாதா வாயால் சொன்னதைக் காலையில் நீங்களே வாசிக்கிறீர்கள், தந்தையே. மலைநாட்டுக்கு நடந்தே போனவரை, அடுத்த தெருவுக்குக் கொண்டுவர மாட்டோம் என்று ராத்திரி நிறுத்துகிறோம்.

சட்டம் ஒழுங்கு கெடும், போலீஸ் வரும் என்ற பயம் பேரவையில் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, கீழத்தெருவில் வாழ்கிறவர்கள் என் அம்மாவும் தம்பியும். பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் வருஷந்தோறும் ஓரியூருக்குத் திருயாத்திரை போய் செம்மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறோமே, அந்த அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ சாமி) எதற்காகச் செத்தார்? ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்று மறவ இளவரசர் தடியத்தேவரிடம் சொன்னதற்காக. விலக்கி வைக்கப்பட்ட மனைவி மறவ நாட்டு அரசர் சேதுபதிக்கு உறவு, இது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1693 பிப்ரவரி 4 அன்று தலையைக் கொடுத்தார். மறவ இளவரசரிடம் சொல்ல அவருக்கு இருந்த துணிவில், ஒரு ஊர்க் கூட்டத்தில் சொல்லும் அளவுக்காவது நமக்கு வேண்டாமா?

கிறிஸ்தவர்களை விடுங்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர், தலித்தான கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு போனார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் திறந்த கதவை யாராலும் நிலையாகச் சாத்திவைக்க முடியவில்லை. 2008 மே மாதம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை அரசாங்கம் இடித்தது. அதுவும் நம் மதுரை மாவட்டம்தான். எல்லோரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று தினமும் செபிக்கும் நாம், அரசாங்கம் வந்து இடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

வெளி ஆட்கள் தூண்டுகிறார்கள் என்று கூட்டத்தில் பேச்சு வந்ததாம். மனுவை எழுதியது கீழத்தெரு. இந்த மடலை எழுதுவது உபதேசியார் மகள். கீழத்தெருப் பையன்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், உங்களுக்குத் தெரியும். வேறு சபைக்குப் போன குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறீர்கள். புளியமரத்து முக்கில் நின்று நின்று அவர்களுக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

நான் கேட்பவை இவை.

அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். ஆகஸ்ட் 6 கொடியேற்றத்துக்கு முன்னால் பேரவையை மறுபடி கூட்டுங்கள். அந்தக் கூட்டத்தில் கீழத்தெருவிலிருந்து பெண்கள் உட்படப் பேராளர்கள் சமமான நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும், எங்கள் மனுவை முழுசாக வாசிக்க வேண்டும். பேரவைக்கும் நிதிக்குழுவுக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேண்டும். அன்பியங்களைச் சாதித் தெருவாக இல்லாமல் கலந்து பிரிக்க வேண்டும், அதற்கு இந்த வருஷக் கடைசி வரை நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷத் திருவிழாவிலேயே எல்லாத் தலைக்கட்டுகளிடமும் ஒரே அளவு வரி வாங்கி ரசீது கொடுங்கள். நவநாளில் கீழத்தெருவுக்கும் ஒருநாள் உபயம் கொடுங்கள். சப்பரம் எங்கள் தெருவுக்குள் கடைசி வீடு வரை வர வேண்டும், எங்கள் பிள்ளைகளும் தோள் கொடுக்க வேண்டும். இதற்கு ஊர் சம்மதிக்காவிட்டால், தந்தையே, நீங்கள் சப்பரத்தை மந்திரிக்காதீர்கள். கோயில் வளாகத்துக்குள்ளேயே எல்லோரும் சேர்ந்து நற்கருணைப் பவனி நடத்துங்கள். இதற்கு யாருடைய சம்மதமும் உங்களுக்குத் தேவையில்லை.

இனிமேல் இந்தப் பங்கில் யார் இறந்தாலும் பங்குக் கல்லறைத் தோட்டத்தில், இறந்த வரிசைப்படி அடக்கம் செய்யுங்கள். தூம்பா வண்டி எல்லாருக்கும் உண்டு என்று எழுதிக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். குரு குழி வரைக்கும் வர வேண்டும். ஏற்கனவே கண்மாய்க்கரையில் இருப்பவர்களின் கல்லறைக்குக் கோயில் செலவில் பாதை போடுங்கள். வருகிற நவம்பர் 2 அன்று இரண்டு கல்லறைக்கும் சேர்த்து ஒரே திருப்பலி வையுங்கள், அது முதல் தடவை எங்கள் பக்கம் நடக்கட்டும்.

இந்த மடலின் நகலை ஆயர் இல்லத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் பதிலை எழுத்தில் கொடுங்கள். அதை ஆகஸ்ட் 10-க்கு முன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், இரண்டு தெருக்காரர்களும் உட்கார்ந்திருக்கும்போது, பீடத்திலிருந்து வாசியுங்கள்.

உங்கள் பங்கைச் சேர்ந்த,
உபதேசியார் மகள்